காணப்படுவதற்கு ஒரு விளக்கு

தமிழில் ‘முன்’, ‘பின்’ என்னும் இரு சொற்களும் இடத்தையும் காலத்தையும் ஒருங்கே உணர்த்தி நிற்பன. நமக்கு முன் வாழ்ந்து மறைந்தாரை முன்னோர் என்கிறோம். நமக்குப் பின் வரவிருப்பாரைப் பின்னோர் என்கிறோம். நடந்து முடிந்தது கண்ணெதிரே விரிந்து கிடக்கின்றது. நடக்கவிருப்பதோ முதுகுக்குப் பின்னே மறைந்து நிற்கின்றது. எதிர்காலம் என்னும் சொல் இதற்கு மாறான நோக்கில் பிறந்தது உண்மையே. ஆயினும், ‘பின்னால் என்ன வருமோ, யார் கண்டது?’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கூறும்போது, வரவிருப்பது பின்னேதான் இருக்கின்றது என்னும் பழைய எண்ணமே அவர்தம் வாயில் ஒலிக்கின்றது. இச்சொல்லாட்சியின் பொருளை நூலகத்தில் அமர்ந்து அறிவதைக் காட்டிலும், இரவு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் நெடுஞ்சாலையில் செல்லும்போது நன்கு அறியலாம். முன்னே இருப்பவை விளக்கொளியில் தெரிகின்றன. பின்னே வருவது தெரிவதில்லை. அங்ஙனம் பின்னே வருபவர்க்கு நாம் தெரிகின்றோமா என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருள்.

சங்க கால மறவர்க்கு முதுகில் புண்படுதல் பெரும் இழிவு. வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பில் பாய்ந்த படைக்கலம் முதுகையும் துளைத்துச் சென்றமைக்கு வெட்கி, வடக்கிருந்து உயிர்நீத்த செய்தியைப் புறநானூறு நமக்கு அறிவிக்கின்றது. இக்காலத்து நெடுஞ்சாலைகளில் போரும் இல்லை, பகையும் இல்லை. இருந்தும் பின்னிருந்து தாக்குண்டு மடிவோர் பல்லாயிரவர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் நிகழ்ந்த சாலை விபத்துகள் 4,61,312. அவற்றில் மாண்டவர் 1,68,491 பேர். மாண்டவருள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். எல்லா வகை வண்டிகளையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட விபத்துகள் பின்னாலிருந்து மோதியதால் நேர்ந்தவை.

இவற்றை எண்களாகப் படிக்கும்போது நம் மனம் அசைவதில்லை. ஆனால் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரின்மீது கோடிட்டுவிட்டு, அடுத்த பெயரை அழைக்க வேண்டிய காலை நேரங்கள் ஆசிரியர் பலருக்கும் வாய்த்திருக்கின்றன. நமக்கும் வாய்த்ததுண்டு. அந்நாளில் வகுப்பறையில் எழும் அமைதியை அறிந்தவர்கள், பின்விளக்கு என்னும் சிறு பொருளைப் பற்றி ஒரு தமிழாசிரியர் எழுதப் புகுந்தது ஏன் என்று வினவமாட்டார்கள்.

காண்டலும் காட்டலும்

‘காண்’ என்பது தன்வினை. ‘காட்டு’ என்பது பிறவினை. இலக்கண வகுப்பில் முதலாண்டு மாணவர்க்கு நாம் சொல்லிக்கொடுக்கும் இவ்வேறுபாடு மோட்டார் சைக்கிளின் இரு விளக்குகளுக்கும் அப்படியே பொருந்துகின்றது. முன்விளக்கு நாம் வழியைக் காண்பதற்கு உரியது. பின்விளக்கு நம்மைப் பிறர்க்குக் காட்டுவதற்கு உரியது. முன்விளக்கு பழுதானால் அக்கணமே அறிகின்றோம், வழி இருண்டுவிடுகின்றது. பின்விளக்கு பழுதானாலோ ஓட்டுபவனுக்கு எக்குறையும் தோன்றுவதில்லை. வண்டி முன்போலவே ஓடுகின்றது; பாதை முன்போலவே தெரிகின்றது. ஆகவே அதனை அறியாமலே மாதக்கணக்கில் ஓட்டுவோர் உளர். தமக்குப் பயன்படும் பொருளைப் பேணுவதும் பிறர்க்குப் பயன்படும் பொருளை மறப்பதும் மனித இயல்பு போலும்!

இயற்கையிலேயே இத்தகைய விளக்கு ஒன்று உண்டு. மின்மினி தன் விளக்கை வயிற்றின் பின்பகுதியில் தாங்கிப் பறக்கின்றது. வழி பார்ப்பதற்கு அவ்விளக்கு உதவாது. தான் இருக்கும் இடத்தை இன்னொன்றுக்கு அறிவிப்பதற்கே அது ஒளிர்கின்றது. நம் முன்னோரும் இத்தகைய விளக்கின் பயனை நன்கு அறிந்திருந்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், ஏணி சார்த்திய உயர்ந்த மாடத்தில் இரவில் எரிந்த சுடர் கடலில் ஓடும் கலங்களைத் துறைக்கு அழைத்த காட்சி இடம்பெற்றுள்ளது. அச்சுடரை ஏற்றியவன் அதன் ஒளியில் எதனையும் தேடவில்லை. இருட்டில் வரும் ஒருவனுக்குக் ‘கரை இங்கே இருக்கின்றது’ என்று சொல்வதற்காகவே ஏற்றினான். மோட்டார் சைக்கிளின் பின்னே எரியும் சிவப்பு விளக்கும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அதுவும் நாம் காண்பதற்கு அன்று, நாம் காணப்படுவதற்கு.

முன்புறத்தின் பொருட்டு அரசு ஒரு வழி செய்துவிட்டது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து நம் நாட்டில் விற்பனைக்கு வரும் இருசக்கர வாகனங்களில், எஞ்சின் ஓடும்வரை முன்விளக்கு பகலிலும் தானே எரிகின்றது. எதிரே வருபவன் நம்மைக் காண வேண்டும் என்பதே அதன் நோக்கம். பின்விளக்கும் செந்நிறப் பிரதிபலிப்பானும் இருத்தல் வேண்டும் என்றும் விதிகள் கூறுகின்றன. ஆனால் அவை உடையாமலும் அழுக்கேறாமலும் மறைபடாமலும் இருக்கின்றனவா என்று நாள்தோறும் நம் வீட்டு வாசலுக்கு வந்து பார்க்க எந்த அலுவலரும் இல்லை. பின்புறம் நம் பொறுப்பிலேயே விடப்பட்டிருக்கின்றது.

ஓட்டுநர் இருக்கையின் அருகே

சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் வீட்டு நிக்காஹ் முடிந்து, அதிராம்பட்டினத்திலிருந்து தொண்டிக்கு வேனில் சென்றோம். இஷாத் தொழுகைக்குப் பின் புறப்பட்ட பயணம். பெண்களும் பிள்ளைகளும் பின்னே உறங்கிப்போக, நாம் ஓட்டுநரின் அருகே அமர்ந்திருந்தோம். மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி எனக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர் ஊராகப் பின்சென்றது. ஊர்களுக்குள் விளக்குகள் இருந்தன. ஊர்களுக்கு இடையே இருள்தான். ஓட்டுபவன் கண்ணுக்குச் சாலை எங்ஙனம் தோன்றுகின்றது என்பதை அன்றிரவு போல் நாம் என்றும் கூர்ந்து நோக்கியதில்லை.

மீன் பெட்டி கட்டிய மொபெட் ஒன்று எங்களுக்கு முன்னே சென்றது. பெட்டி பின்விளக்கை முழுதும் மறைத்திருந்தது. வேனின் ஒளி பெட்டியின்மீது விழும்வரை அங்கே ஒரு வண்டி இருப்பதே தெரியவில்லை. மணமேல்குடியைத் தாண்டியபின் மற்றொரு வண்டி. கணவர் ஓட்ட, கறுப்புப் புர்கா அணிந்த மனைவி பின்னே அமர்ந்திருந்தார். அவர் ஆடையின் விளிம்பு விளக்கின்மீது படிந்திருந்தது. முதலில் நம் கண்ணுக்குப் பட்டது, இருவருக்கும் நடுவே இருந்த குழந்தையின் வெள்ளைத் தொப்பி மட்டுமே. அது இருட்டில் தனியே மிதப்பதுபோல் தோன்றி, அருகே வந்தபின்தான் ஒரு குடும்பமாகத் தெரிந்தது. மூன்றாவதாக ஓர் இளைஞன். அவன் வண்டியின் பின்விளக்கும் மங்கலாகத்தான் எரிந்தது. ஆனால் அவன் முதுகில் மாட்டியிருந்த பையில் விரல் அகலத்தில் ஒரு வெள்ளிநிறப் பட்டை தைக்கப்பட்டிருந்தது. முன்னிருவரைக் கண்ட தொலைவினும் பன்மடங்கு தொலைவிலேயே அப்பட்டை வெண்கோடாக ஒளிர்ந்தது. ஓட்டுநர் அதனைக் கண்டதும் அவசரமின்றி வேகத்தைக் குறைத்து, வலப்புறம் ஒதுங்கிக் கடந்தார்.

“லைட்டு எரியலைன்னு தெரிஞ்சவன் ஓரமாப் போயிடுவான் சார். நம்மளை எல்லாருக்கும் தெரியுதுன்னு நெனைக்கிறவன்தான் நடு ரோட்டுல போவான்” என்றார் அவர்.

நாம் வியந்து அவர் முகத்தை நோக்கினோம். எத்துணை நுட்பமான உண்மை! ஓட்டுபவன் தன் விளக்கொளியில் தான் அனைத்தையும் காண்கின்றான். ஆதலின் தன்னையும் அனைவரும் காண்பதாக எண்ணிக்கொள்கின்றான். தன் கண்ணின் அறிவைப் பிறர் கண்ணின் அறிவாகக் கருதிவிடும் இம்மயக்கமே பெரும்பாலான பின்மோதல்களுக்கு முன்னே நிற்கின்றது.

சிறிது தொலைவு பேச்சின்றிச் சென்றபின், அவரே மீண்டும் தொடங்கினார். முன்பு லாரி ஓட்டிய காலத்தில், விளக்கில்லாமல் சென்ற ஒரு மொபெட்டின்மீது அவருடைய வண்டி மோதிவிட்டது. மொபெட்டில் சென்றவர் பிழைக்கவில்லை.

“கேசுல விட்டுட்டாங்க சார். என் மேல தப்பு இல்லைன்னுதான் தீர்ப்பு. ஆனா அந்த மாசம் வந்தா நான் ராத்திரி வண்டி எடுக்கறதில்ல. அவரு பொண்ணு கோர்ட்டு வாசல்ல நின்னுச்சு பாருங்க, அது இன்னும் கண்ணுலயே நிக்குது.”

இதற்கு மறுமொழியாக நம்மிடம் சொல் ஏதும் இல்லை. விபத்து என்றால் இறந்தவரையும் அவர் குடும்பத்தையுமே நாம் நினைக்கின்றோம், நினைக்கவும் வேண்டும். ஆனால் காணாமல் மோதியவன் தன் வாழ்நாள் முழுதும் சுமக்கும் சுமை எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

ஒரு சிறு கணக்கு

கணிதம் நமக்கு உரிய துறை அன்று. எனினும் இக்கணக்கு எளியது. ஒரு லாரி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றது எனக் கொள்வோம். அது வினாடிக்கு 20 மீட்டர் ஓடுகின்றது. முன்னே செல்லும் மொபெட்டின் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் எனில், அது வினாடிக்கு 10 மீட்டர் செல்கின்றது. இரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவு வினாடிக்கு 10 மீட்டர் வீதம் குறைகின்றது. ஒரு பொருளைக் கண்டு, இன்னதென உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கு இரண்டரை வினாடி ஆகலாம் எனச் சாலைப் பொறியாளர் கணக்கிடுவது வழக்கம்.

மொபெட் 30 மீட்டர் தொலைவில்தான் கண்ணுக்குப் படுகின்றது என்றால், மோதுவதற்கு மூன்று வினாடியே உண்டு. அதில் இரண்டரை வினாடி உணர்வதிலேயே கழிந்துவிடும். எஞ்சுவது அரை வினாடி, ஐந்து மீட்டர். பாரம் ஏற்றிய லாரியை அதற்குள் யாராலும் அடக்க இயலாது. அதே மொபெட் 150 மீட்டர் தொலைவிலேயே தெரிந்திருப்பின் பதினைந்து வினாடி கிடைக்கும். உணர்வதற்கு ஆகும் நேரம் போகப் பன்னிரண்டரை வினாடி எஞ்சும். வேகத்தைக் குறைக்கவும் ஒதுங்கவும் அது போதும். மொபெட் சாலையில் நின்றுகொண்டிருந்தால் நிலைமை இன்னும் கொடிது. 30 மீட்டரை லாரி ஒன்றரை வினாடியில் கடந்துவிடும். ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும்.

ஒரு பல்பும் ஒரு சாண் பட்டையும் அந்த முப்பதை நூற்றைம்பதாக ஆக்கவல்லன என்றால், அவற்றைச் சிறுபொருள் என்று எவர் சொல்லக்கூடும்?

ஒளி வந்த வழியே திரும்பும்

அவ்விளைஞனின் பையிலிருந்த பட்டை ஏன் அவ்வளவு ஒளிர்ந்தது? வெள்ளைத் துணி தன்மீது விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறச் செய்கின்றது. கண்ணாடி அதனை ஒரு பக்கமாக எறிந்துவிடுகின்றது; நேர் எதிரே நின்றாலன்றி நமக்கு அது கிட்டுவதில்லை. பிரதிபலிப்பானோ, ஒளி எத்திசையிலிருந்து வந்ததோ அத்திசைக்கே அதனைத் திருப்பி அனுப்புகின்றது. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கூடும் மூலையில் புகுந்த ஒளி, மூன்றிலும் பட்டு, வந்த வழியே மீள்கின்றது. நுண்ணிய கண்ணாடி மணிகளும் இவ்வேலையைச் செய்யும். லாரியின் விளக்கிலிருந்து புறப்பட்ட ஒளி, அவ்விளக்கின் அருகே அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருவதால், பட்டை அவருக்குத் தானே எரிவதுபோல் தோன்றுகின்றது.

இங்கிலாந்தின் யார்க்ஷயரைச் சேர்ந்த பெர்சி ஷா என்பவர், இருட்டில் பூனையின் கண் ஒளிர்வதுபோல் ஒளிரும் கண்ணாடிக் குமிழ்களைச் சாலையின் நடுவே பதிக்கும் முறைக்கு 1934இல் காப்புரிமை பெற்றார். 1969இல் அப்போலோ 11 விண்கலத்தில் சென்றோர் நிலவில் வைத்துவந்த கருவி ஒன்றும் மூன்று முக மூலைகளால் ஆனதே. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளியை அது பூமிக்கே திருப்புகின்றது. நிலவின் தொலைவை அளக்க உதவும் அதே தத்துவம், நம் மோட்டார் சைக்கிளின் மட்கார்டில் கட்டைவிரல் அளவுச் சிவப்பு வில்லையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றது. ‘அழகாக இல்லை’ என்று மாணவர் சிலர் மட்கார்டை வெட்டும்போது அதுவும் சேர்ந்தே போய்விடுகின்றது!

இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் நலம். பளிச்சிடும் இளமஞ்சள், ஆரஞ்சு நிற மேலாடைகள் பகலிலும் அந்தி வேளையிலும் சிறப்பாகப் பயன்படும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரைக் காணும் ஒளியாக மாற்றுவதால் அவை அங்ஙனம் பளிச்சிடுகின்றன. இரவில் அக்கதிர் இல்லை. ஆதலின் அந்நிறத்தின் சிறப்பும் இல்லை. பகலுக்கு அந்நிறம், இரவுக்கு ஒளி திருப்பும் பட்டை என்று கொள்ளுதல் வேண்டும். இரண்டும் சேர்ந்திருப்பதே முழுமை.

பொருத்தும் உயரமும் முக்கியமானது. 1974இல் வோவோட்ஸ்கி என்னும் அமெரிக்க உளவியலறிஞர், சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து வாடகைக் கார்கள் பலவற்றில், வழக்கமான இரு பிரேக் விளக்குகளுடன் பின்கண்ணாடியின் அருகே மூன்றாவது விளக்கு ஒன்றையும் பொருத்திச் சோதித்தார். அவ்விளக்கு உள்ள கார்களில் பின்மோதல்கள் பெரிதும் குறைந்தன. பின்னர் 1986ஆம் ஆண்டு மாடல் முதல் அந்நாட்டில் புதிய கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. பின்வருபவனின் பார்வை செல்லும் உயரத்தில் அடையாளம் இருத்தல் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம். மோட்டார் சைக்கிளில் அவ்வுயரத்தில் இருப்பது தலைக்கவசத்தின் பின்புறம்.

செய்யத்தக்கன

முதலாவது, இருப்பதைப் பேணுதல். பழைய வகை வண்டிகளில் ஒரே பல்புக்குள் இரு இழைகள் உண்டு. ஒன்று எப்போதும் மங்கலாக எரிவது. மற்றொன்று பிரேக் பிடிக்கும்போது பளிச்சென எரிவது. ஓர் இழை அறுந்தாலும் மற்றது எரியும். ஆகவே பின்விளக்கு எரிகின்றது என்பதனால் பிரேக் விளக்கும் எரியும் என்று கொள்ளலாகாது. இரவில் வண்டியின் பின்புறத்தைச் சுவரோரம் நிறுத்தி, கைப்பிடியையும் கால்மிதியையும் தனித்தனியே அழுத்தி, சுவரில் சிவப்பொளி கூடுகின்றதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை. விளக்கின் மூடியைக் கறுப்பாக்கும் வழக்கத்தை அறவே விடுங்கள்.

இரண்டாவது, மறைக்காதிருத்தல். மூட்டையோ பெட்டியோ கட்டினால், கட்டி முடித்தபின் பத்தடி பின்னே சென்று பார்த்தல் வேண்டும். விளக்கு மறைந்தால் பெட்டியின் பின்புறத்திலேயே சிவப்புப் பட்டை ஒட்டுதல் வேண்டும். எண் பலகையையும் துடைத்து வையுங்கள். 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குப் பொருத்தப்படும் உயர் பாதுகாப்பு எண் பலகையின் மேற்பரப்பே ஒளி திருப்பும் தன்மை உடையது. சேறு படிந்தால் அப்பயன் போய்விடும்.

மூன்றாவது, சேர்த்தல். கடைகளில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் என்று கேட்டால் கிடைக்கும் பட்டைகளைத் தலைக்கவசத்தின் பின்னும், வண்டியின் பின்புறம் இடமும் வலமும் இயன்ற அளவு விலக்கியும் ஒட்டுங்கள். ஒற்றைப் புள்ளி எவ்வளவு தொலைவில் இருக்கின்றது என்று இருட்டில் கணிப்பது அரிது. இரு புள்ளிகள் இருப்பின், அவற்றின் இடைவெளி விரிவதைக் கொண்டு தான் நெருங்குவதைப் பின்வருபவன் உணர்வான். வண்டியின் பின்புறத்தில் ஒட்டுவது சிவப்பாக இருத்தல் வேண்டும். சாலையில் சிவப்பு பின்புறத்தையும் வெண்மை முன்புறத்தையும் குறிப்பது உலக வழக்கு. இவை அனைத்திற்கும் ஆகும் செலவு ஒரு வேளை பிரியாணிச் செலவுக்கு மேல் போகாது.

நான்காவது, அறிவித்தல். முறுக்கத்தைத் தளர்த்தியோ கியரைக் குறைத்தோ வேகம் தணிக்கும்போது பிரேக் விளக்கு எரிவதில்லை. பின்வருபவன் அறிவதும் இல்லை. ஆகவே வேகத்தைக் குறைப்பதற்கு முன் பிரேக்கை இருமுறை மெல்லத் தொட்டு விளக்கை மினுக்குதல் நலம். திரும்புவதற்குச் சற்று முன்பே திசை விளக்கைப் போடுதல் வேண்டும். கழற்றி வைத்த இரு கண்ணாடிகளையும் மீண்டும் மாட்டுதல் வேண்டும். கைபேசி அழைத்தால் சாலையின்மேல் நில்லாது, மண்தரைக்கு முழுதும் இறங்கி நிற்றல் வேண்டும்.

ஐந்தாவது, அளவறிதல். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை, நீல மின்னல் விளக்குகளைப் பின்னே பொருத்துவோரும் உளர். அது காட்டுவதன்று, குருடாக்குவது. விதிக்கும் மாறானது. பின்வருபவன் கண்ணுக்கு உதவுவதே நம் நோக்கமாதல் வேண்டும்.

கறுப்பாடையும் இரவுப் பயணமும்

இனி நம் சமுதாயப் பெரியவர்கள் முன் ஒன்றை வைக்க விரும்புகின்றோம். நம் பெண்கள் பலர் கறுப்பு நிற ஆடை அணிகின்றனர். அவரவர் விருப்பம் அது. நாணமும் கண்ணியமும் பேணும் அவ்வாடைபற்றி நாம் ஏதும் சொல்ல வரவில்லை. ஆனால் இரவில் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்பவரே பின்வருபவன் முதலில் காண வேண்டியவர். கறுப்பு ஆடை விளக்கொளியை விழுங்கிவிடுகின்றது. அதன் விளிம்பு பின்விளக்கையும் மூடிவிடுகின்றது. மோதல் நேர்ந்தால் முதலில் தாக்குண்பவரும் அவரே.

ஆடையைச் சேர்த்து மடித்து, விளக்கை மறைக்காமலும் சக்கரத்தில் சிக்காமலும் அமர்தல் முதற்கடமை. தோளில் மாட்டும் பையில் இரு விரல் அகலப் பட்டை ஒன்று இருந்தால் போதும். நூறு மீட்டருக்கு அப்பாலும் அது பேசும். பின்னமர்பவர்க்கும் தலைக்கவசம் சட்டப்படி உரியது. நான்கு வயதைக் கடந்த அனைவர்க்கும் அவ்விதி பொருந்தும். தலையை மறைக்கும் துணியின்மேல் அதனை அணிவதற்கு எத்தடையும் இல்லை. கணவர் தலைக்கவசத்தோடு முன்னே அமர, மனைவியும் குழந்தையும் வெறுந்தலையோடு பின்னே அமரும் காட்சி நம் தெருக்களிலிருந்து மறைதல் வேண்டும்.

ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழுகை முடிந்து திரும்புவோர் எத்தனை பேர்! வைகறையில் சுபுஹு தொழுகைக்கு மொபெட்டில் செல்லும் முதியோர் எத்தனை பேர்! இருளும் உறக்கக் கலக்கமும் கூடிய வேளைகள் இவை. பள்ளிவாசல் வாசலில் ஜமாஅத்தின் இளைஞர்கள் ஓர் இரவு நின்று, நிறுத்தியிருக்கும் ஒவ்வொரு வண்டியின் பின்னும், உரியவர் இசைவோடு, ஒரு சிவப்புப் பட்டை ஒட்டித் தந்தால் அதுவும் ஒரு தர்மமே.

பாதையின் உரிமை

‘அல்லாஹ் விதித்தது நடக்கும், பட்டை ஒட்டினால் விதி மாறுமா?’ என்று வினவுவார் உளர். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பலாமா என்று வினவிய ஒருவருக்கு, அதனைக் கட்டியபின் நம்புமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாகத் திர்மிதீ நபிமொழித் தொகுப்பில் காண்கின்றோம். விளக்கைப் பேணுவது ஒட்டகத்தைக் கட்டுவது போன்றது. நம்பிக்கை அதற்குப் பின் வருவது.

பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவது இறைநம்பிக்கையின் கிளைகளுள் ஒன்று என்பதும், பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்தல் வேண்டும் என்பதும், பிறர்க்குத் துன்பம் தராதிருத்தல் அவ்வுரிமைகளுள் ஒன்று என்பதும் நபிமொழிகளால் நாம் அறிந்தவை. முள்ளையும் கல்லையும் அகற்றுவதோடு இக்கடமை முடிந்துவிட்டதா? விளக்கின்றி இருட்டில் செல்லும் வண்டியும் பின்வருபவன் பாதையில் கிடக்கும் ஒரு கல்லே அன்றோ?

அறியாமல் ஓர் உயிரைப் போக்கியவன்மீதும் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் ஈட்டுத்தொகையையும் பரிகாரத்தையும் சுமத்துகின்றது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவன் இரு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்றல் வேண்டும். உள்நோக்கம் இல்லாத கொலைக்கே இத்துணைப் பொறுப்பு. உயிர் அத்துணை மதிப்புடையது. தீர்ப்பு விடுவித்தபின்னும் ஒரு மாதம் முழுதும் இரவு வண்டி எடுக்காத அந்த ஓட்டுநர், எந்த நூலையும் படிக்காமலே இப்பொறுப்பைத் தம் நெஞ்சில் உணர்ந்தவர். முகமறியா ஒரு மனிதனை அச்சுமையிலிருந்து காப்பது நம் கையில் இருக்கின்றது. பின்விளக்கு நம் உயிரைக் காப்பதோடு நில்லாமல், பின்வருபவனைக் கொலைப் பழியிலிருந்தும் காக்கின்றது. ஆதலின் அதனைப் பேணுதல் தன்னலம் என்ற அளவில் நில்லாது, அறமாக உயர்கின்றது.

மாணவச் செல்வங்களே! இம்மலரை மூடிவைத்துவிட்டு, கல்லூரி வண்டி நிறுத்தத்திற்குச் செல்லுங்கள். உங்கள் வண்டிக்குப் பத்தடி பின்னே நில்லுங்கள். நண்பன் ஒருவனைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். பின்வரும் கண்கள் எதனைக் காணும் என்பதை ஒருமுறை நீங்களே காணுங்கள். குறை தெரிந்தால் இன்று மாலையே மெக்கானிக்கிடம் செல்லுங்கள். நாளைக் காலை வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக அழைக்கும்போது, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் மறுமொழி தருதல் வேண்டும். எல்லாம் வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!